முதலாளித்துவம் எங்கிருந்து வந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் நூலகத்தில் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலை பத்துப் பதினைந்து பேர் கூடிப் பொருளாதார வரலாறு பேசுகிறோம். கல்லூரி மாணவர்கள், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்கள், ஒரு தறிப்பட்டறை உரிமையாளர், இரண்டு தொழிற்சங்கத்துக்காரர்கள். புதிதாக யார் வந்தாலும் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது படிக்கும்போதே தெரிந்துவிடும். அதை மறைக்க நான் மெனக்கெடவில்லை.

முதலாளித்துவம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

கடை, லாபம், வட்டி, பணக்காரர் எல்லாம் மிகப் பழையவை. இவை இருந்தாலே முதலாளித்துவம் என்றால் அதற்குத் தொடக்கம் தேடும் வேலையே மிச்சம். நான் இந்தச் சொல்லை இன்னும் குறுகலான ஒரு நிலைமைக்கு வைக்கிறேன். உயிர்வாழத் தேவையானவற்றைப் பெரும்பாலான மக்கள் சந்தையில் வாங்கியாக வேண்டும். வாங்கக் காசு வேண்டுமென்றால் எதையாவது விற்றாக வேண்டும். விற்க வேறொன்றும் இல்லாதவர் தம் உழைப்பை விற்க வேண்டும். நிலமும் ஆலையும் வைத்திருப்பவருக்கும் நிம்மதி இல்லை. ஈட்டியதை மறுபடி தொழிலில் போட்டு, பக்கத்து ஆலைக்காரரைவிட மலிவாகச் செய்யாவிட்டால் அடுத்த வருடம் கதவைச் சாத்த வேண்டியதுதான்.

ஆடிப்பட்டம் விதைத்து, தையில் அறுத்து, பத்தாயம் நிரம்பிய பிறகு மிஞ்சிய நெல்லை வண்டியில் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகிறவர் ஒருவர். சந்தைக்குப் போனால்தான் அன்றைக்கு அடுப்பெரியும் என்ற நிலையில் இருப்பவர் இன்னொருவர். இருவரும் ஒரே சந்தையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கலாம். முதலாமவர் எப்போது, எப்படி, யாரால் இரண்டாமவராக ஆனார் என்பதுதான் முதலாளித்துவத்தின் தோற்றம் பற்றிய கேள்வி.

எங்கள் தெரு மளிகைக்கடைக்காரரையும் முதலாளி என்றுதானே அழைக்கிறோம்?

அழைக்கிறோம். தமிழில் 'முதல்' என்பது போட்ட பணம். 'முதலுக்கே மோசம்' என்று சொல்லும்போது நாம் அந்தப் பொருளில்தான் சொல்கிறோம். முதலை ஆள்பவர் முதலாளி. ஆனால் குடும்பமே மாறி மாறிக் கல்லாவில் உட்கார்ந்து, வரும் லாபத்தில் பிள்ளையைப் படிக்க வைத்து, வீட்டுக்கு ஒரு மாடி எடுக்கும் கடைக்காரர் நான் மேலே சொன்ன ஓட்டத்தில் பாதிதான் இருக்கிறார். சூப்பர் மார்க்கெட் ஒன்று எதிரில் திறக்கும் நாளில் முழுதாக உள்ளே இழுக்கப்படுவார். அதுவரை பெயர் மட்டும் இருக்கட்டும்.

சோழர் காலத்திலேயே கடல் கடந்து வணிகம் செய்தோமே. அது முதலாளித்துவம் ஆகாதா?

திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் சுமத்ராவின் பாரூஸ் பகுதியில், லோபு துவா என்ற இடத்தில், 1088இல் தமிழில் கல்வெட்டு வெட்டி வைத்திருக்கிறார்கள். வந்து இறங்கும் கப்பல்காரர்கள் என்ன செலுத்த வேண்டும் என்ற கணக்கு அதில் இருக்கிறது. படிக்கும்போது பெருமையாகத்தான் இருக்கும்.

ஆனால் இவர்கள் லாபம் எடுத்தது இடத்துக்கு இடம் இருக்கும் விலை வித்தியாசத்தில். இங்கே மலிவான மிளகு அங்கே அரிது. அங்கே மலிவான கற்பூரம் இங்கே அரிது. மிளகை யார் எப்படி விளைவிக்கிறார்கள் என்பதில் வணிகர் கைவைக்கவில்லை. உழவர் பழைய முறையில் உழுதார், நெசவாளர் பழைய முறையில் நெய்தார். அரபு வணிகரும் குஜராத்தி வணிகரும் சீன வணிகரும் இதே நிலையில்தான் இருந்தார்கள். உலகம் முழுதும் ஆயிரமாயிரம் ஆண்டுகள் வணிகம் செழித்தும், அதனால் மட்டும் உற்பத்தி முறை புரண்டுவிடவில்லை.

அப்படியானால் வெனிஸ், பிளாரன்ஸ் போன்ற இத்தாலிய நகரங்கள்?

கருவிகளை அவர்கள் செய்து வைத்தார்கள். இரட்டைப் பதிவுக் கணக்கு, மாற்றுச்சீட்டு, கப்பல் காப்பீடு, ஒருவர் பணமும் மற்றவர் பயணமும் போடும் கூட்டு. இன்றைக்கும் வங்கியில் வேலை செய்பவருக்கு அவர்களுடைய பேரேட்டைப் பார்த்தால் அந்நியமாகத் தோன்றாது. ஆனாலும் அந்த வங்கிகள் அரசர்களுக்குக் கடன் கொடுத்து அழிந்தன. பிளாரன்ஸின் பார்டி, பெருட்சி குடும்ப வங்கிகள் 1340களில் விழுந்ததில் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டு கட்டாத கடனுக்கும் பங்குண்டு. 1397இல் தொடங்கிய மெடிச்சி வங்கி 1494இல் முடிந்தது. பணம் சேர்த்த குடும்பங்கள் நிலம் வாங்கின, அரண்மனை கட்டின, பெண் கொடுத்துப் பெண் எடுத்துப் பிரபுக்கள் ஆயின. திரும்பத் திரும்பத் தொழிலில் போட்டே தீர வேண்டும் என்ற நெருக்கடி அவர்களுக்கு இல்லை.

ஸ்பெயினுக்கு அமெரிக்க வெள்ளி மலையளவு வந்ததே?

1545இல் பொலிவியாவின் பொட்டோசி மலையில் வெள்ளி கண்டார்கள். அந்தச் சுரங்கங்களில் அந்த மண்ணின் மக்கள் கட்டாய வேலைக்கு இழுக்கப்பட்டு மாண்டார்கள். அந்த வெள்ளி ஸ்பெயினுக்கு வந்து, போருக்கும் கடனுக்கும் போய், சுற்றிச் சுற்றிக் கணிசமான பகுதி சீனாவில் சேர்ந்தது. ஸ்பெயின் மன்னர் 1557, 1575, 1596 என மீண்டும் மீண்டும் கடன் கட்ட முடியாது என்று கைவிரித்தார். பணம் குவிவது வேறு, அது முதலாக மாறுவது வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சரி, எங்கேதான் தொடங்கியது?

என் பதில்: இங்கிலாந்தின் வயல்களில். கேட்பவர்கள் ஏமாற்றமடைவது எனக்குத் தெரியும். புகைபோக்கி, நீராவி, பெரிய சக்கரம் என்று எதிர்பார்த்து வருகிறவர்களிடம் ஆட்டுப்பட்டியைக் காட்டினால் அப்படித்தான் இருக்கும்.

1348இல் பிளேக் நோய் இங்கிலாந்தில் இறங்கியது. இரண்டே ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத மக்கள் செத்துப்போனார்கள். உழ ஆளில்லை, உயிரோடு இருந்தவர்கள் அதிகக் கூலி கேட்டார்கள். நோய்க்கு முந்தைய கூலிக்கே வேலை செய்ய வேண்டும் என்று 1351இல் சட்டம் போட்டார்கள். 1381இல் உழவர்கள் லண்டனுக்குள் புகுந்து கலகம் செய்தார்கள். கலகம் அடக்கப்பட்டது, ஆனாலும் பண்ணையடிமை முறை மெல்ல மெல்லக் கரைந்தது. இதே நோய் கிழக்கு ஐரோப்பாவையும் தாக்கியது. அங்கே நாளடைவில் பிரபுக்கள் பிடியை இறுக்கி உழவரை முன்னைவிடக் கெட்டியாக நிலத்தோடு கட்டினார்கள். ஆகவே நோய் மட்டும் எதையும் தீர்மானிக்கவில்லை. யார் கை ஓங்கியது என்பதுதான் தீர்மானித்தது.

இங்கிலாந்தில் உழவர் அடிமைத்தளையிலிருந்து தப்பினார். நிலம் மட்டும் பெரும்பாலும் பிரபுவின் கையிலேயே நின்றது. அடிமையாக வைத்து வேலை வாங்க முடியாத பிரபு, நிலத்தைக் குத்தகைக்கு விட்டார். பழைய வழக்கப்படி மாறாமல் நின்ற குத்தகைத்தொகை போய், காலவரம்புள்ள குத்தகை பரவியது. தவணை முடிந்ததும் யார் அதிகம் தருகிறாரோ அவருக்கு நிலம். இப்போது குத்தகைதாரரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பக்கத்து ஊர்க்காரர் ஏக்கருக்கு ஒரு மூட்டை அதிகம் எடுத்தால் அடுத்த குத்தகை அவருக்குப் போய்விடும். பேராசை இல்லாதவரும் அதிகம் விளைவித்தாக வேண்டும், செலவைக் குறைத்தாக வேண்டும். தோற்றவர் கூலியாளாக ஜெயித்தவரின் வயலுக்கே வேலைக்கு வந்தார். நிலவுடைமையாளர், குத்தகை விவசாயி, கூலி என்ற மூன்றடுக்கு அமைப்பு உருவானது இப்படித்தான்.

வேலி அடைப்பு என்கிறார்களே, அது என்ன?

பழைய ஆங்கிலக் கிராமத்தில் ஊரைச் சுற்றி வரப்பில்லாத பெரிய வயல்கள் இரண்டு மூன்று இருந்தன. ஒவ்வொரு வயலும் நீளநீளத் துண்டுகளாகப் பிரிந்திருக்கும். ஒரு குடும்பத்துக்கு இங்கே ஒரு துண்டு, அங்கே ஒரு துண்டு. எதை எப்போது விதைப்பது என்பதை ஊர் கூடி முடிவு செய்யும். இதற்கு வெளியே பொதுவெளி இருந்தது. நம் ஊர் மேய்ச்சல் புறம்போக்கு மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். பசுவை அங்கே கட்டலாம், விறகு பொறுக்கலாம், வாத்து மேய்க்கலாம். கையகல நிலம்கூட இல்லாத குடும்பத்துக்குப் பால் கிடைத்தது அந்தப் பொதுவெளியால்தான்.

இந்தத் துண்டுகளை ஒன்றுசேர்த்து, பொதுவெளியையும் உட்படுத்தி, வேலி போட்டு ஒருவர் சொத்தாக்குவதுதான் வேலி அடைப்பு. தொடக்கத்தில் கம்பளி விலை ஏறியபோது ஆடு வளர்ப்பதற்காகச் செய்தார்கள். ஆடுகள் மனிதர்களைத் தின்கின்றன என்று தாமஸ் மோர் 1516இல் எழுதியது அதைப் பார்த்துத்தான். 1549இல் நார்ஃபோக் உழவர்கள் வேலிகளைப் பிடுங்கி எறிந்து கலகம் செய்தார்கள். பிறகு காரியம் சட்டபூர்வமானது. 1604 முதல் 1914 வரை 5,200க்கும் மேற்பட்ட சட்டங்கள் வழியாக ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கர், அதாவது இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல், வேலிக்குள் போனது. சட்டம் போட்ட பாராளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சிறு உழவருக்கும் பங்கு கொடுத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் வேலி போடும் செலவும் நில அளவைச் செலவும் அவர் தலையில் விழுந்தன. இரண்டு ஏக்கருக்கு வேலி போடும் செலவில் அந்த நிலத்தை விற்பதே மேல் என்று விற்றவர்கள் ஏராளம். 1788இல் ஒரு வழக்கில், அறுவடைக்குப் பின் சிந்திய கதிரைப் பொறுக்குவதுகூட ஏழைகளின் சட்ட உரிமை ஆகாது என்று தீர்ப்பானது. அறுத்த வயலில் கதிர் பொறுக்குவதற்குக் கோர்ட்டு எதற்கு என்று கேட்கத் தோன்றும். கோர்ட்டு வேண்டியிருந்த காலம் வந்துவிட்டது என்பதுதான் இங்கே விஷயம்.

எல்லா ஆய்வாளர்களும் இதை ஏற்கிறார்களா?

இல்லை. இங்கிலாந்தின் கிராம உறவுகளில் தொடங்கியது என்ற வாதத்தை 1976இல் அமெரிக்க வரலாற்றாசிரியர் ராபர்ட் பிரென்னர் கூர்மையாக வைத்தார். நான் பெரும்பாலும் அவர் பக்கம். வணிகமும் காலனியும் சேர்ந்த உலக வலைதான் தோற்றுவாய் என்பவர்கள் உண்டு. ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர், புராட்டஸ்டன்ட் பிரிவுகளில் ஒன்றான கால்வினிய கிறிஸ்தவத்தின் சிக்கனமும் கடமை உணர்வும் ஒரு மனநிலையைத் தந்தன என்றார். எனக்கு அது குதிரைக்கு முன்னால் வண்டியைக் கட்டுவதுபோலத் தோன்றுகிறது. 18ஆம் நூற்றாண்டு வரை சீனாவின் யாங்சி சமவெளி இங்கிலாந்துக்குச் சளைத்ததில்லை, இங்கிலாந்தை முந்த வைத்தவை கைக்கெட்டிய நிலக்கரியும் அமெரிக்க நிலமும்தான் என்கிறார் வரலாற்றாசிரியர் கென்னத் பொமரான்ஸ். இதை அவ்வளவு எளிதில் தள்ள முடியாது. எங்கள் கூட்டத்தில் இந்தக் கேள்வி வரும் நாளில் தேநீர் ஆறிவிடும்.

பங்குச்சந்தை எப்படி வந்தது?

ஆம்ஸ்டர்டாமில், ஒரு கம்பெனி பணத்தைத் திருப்பிக் கொடுக்காததால் வந்தது.

அதற்கு முன் ஒரு கப்பல் பயணத்துக்கென்று பணம் சேர்ப்பார்கள். கப்பல் திரும்பியதும் பிரித்துக்கொள்வார்கள். 1602இல் அமைந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பல பயணங்களுக்கும் சேர்த்து ஒரே முதல் திரட்டியது. மொத்தம் சுமார் 64 லட்சம் கில்டர் (அன்றைய டச்சு நாணயம்). ஆம்ஸ்டர்டாம் பிரிவுக்கு மட்டும் 1,143 பேர் பெயர் எழுதினார்கள். பதிவேடு வைத்திருந்தது டிர்க் வான் ஓஸ் என்ற இயக்குநரின் வீட்டில். பெரு வணிகர்கள் ஆயிரக்கணக்கில் எழுதிப் போன அதே ஏட்டில், ஆகஸ்ட் 31ஆம் தேதி, கடைசி நாளில், அந்த வீட்டுப் பணிப்பெண் நேல்ட்கென் கொர்னேலிஸ் நூறு கில்டர் எழுதினார். நாள் கூலி அரை கில்டருக்கும் குறைவு. நூறு என்பது எத்தனை வருடச் சேமிப்பாக இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எஜமானர் வீட்டில் நாள் முழுதும் பெரிய மனிதர்கள் வந்து கையெழுத்திட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தவர் கடைசியில் தானும் துணிந்துவிட்டார்.

பத்து ஆண்டுகள் கழித்துக் கணக்கு முடித்துப் பணத்தைத் தருவதாகப் பேச்சு. 1612இல் கம்பெனி அதைச் செய்யவில்லை, அரசும் அனுமதித்தது. இனி பணம் வேண்டுமென்றால் பங்கை இன்னொருவருக்கு விற்க வேண்டும். விற்றால் ஏட்டில் பெயர் மாற்றித் தருவார்கள். அப்படித்தான் பங்கு வியாபாரம் நிலைத்தது. விலை விழும் என்று பந்தயம் கட்டிக் கையில் இல்லாத பங்கை விற்பது 1609லேயே நடந்து, 1610இல் தடை செய்யப்பட்டது. நம் காலத்து வித்தைகள் என்று நினைப்பவை பல நானூறு வயதானவை.

இதே கம்பெனிதான் 1621இல் ஜாதிக்காய்க்காக இந்தோனேசியாவின் பண்டா தீவுகளில் பெரும்பாலான மக்களைக் கொன்றும் பட்டினி போட்டும் அடிமைகளாக ஏற்றியும் தீவுகளைக் காலி செய்தது. நேல்ட்கெனுக்கு அது தெரிந்திருக்காது. பங்குதாரருக்கும் பண்டாவுக்கும் நடுவே அவ்வளவு தூரத்தை உண்டாக்கியதுதான் இந்த ஏற்பாட்டின் புதுமை.

இந்தக் கதையில் தமிழகத்துக்கு என்ன வேலை?

நிறைய. மலாக்கா, ஜாவா பக்கத்தில் மிளகும் கிராம்பும் வாங்க வெள்ளியைவிடச் சோழமண்டலக் கரையின் துணி நன்றாகச் செல்லுபடியானது. அதனால்தான் டச்சுக்காரர்கள் 1613இல் பழவேற்காட்டில் கோட்டை கட்டினார்கள். 1658இல் நாகப்பட்டினத்தையும் தூத்துக்குடியையும் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்தார்கள். ஆங்கிலேயர் 1639இல் மதராசில் இடம் வாங்கியதும் துணிக்காகத்தான். சாயவேரில் சிவப்பேறிய சீட்டித்துணி, எத்தனை துவைத்தாலும் வெளுக்காது. லண்டன் பெண்கள் அதன் மேல் பைத்தியமாக இருந்தார்கள். வயிற்றிலடிபட்ட உள்ளூர் நெசவாளர்கள் 1719இல் தெருவில் சீட்டி உடுத்திப்போன பெண்களைத் துரத்தித் துணியைக் கிழித்தார்கள். 1721இல் அச்சிட்ட பருத்தித் துணி உடுத்துவதையே சட்டம் தடுத்தது. கட்டற்ற வாணிபத்தின் தாய்வீடு என்று பேர் வாங்கிய நாட்டின் பருத்தித் தொழில் இந்தத் தடைச்சுவருக்குப் பின்னால்தான் வளர்ந்தது.

இங்கே நெசவாளருக்கு வியாபாரி முன்பணம் கொடுப்பார். நூல் வாங்கி, நெய்து, துணியாகத் தர வேண்டும். விலை பிடிக்கவில்லை என்றால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வியாபாரியிடம் போகலாம். ஊரைவிட்டே கிளம்பிப் போவதும் உண்டு. நெசவாளரை இழுத்துத் தங்கள் எல்லையில் குடிவைக்கப் பாளையக்காரரும் கோயில்களும் போட்டி போட்ட காலம் அது. ஆங்கிலக் கம்பெனி 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆட்சியாளராகவும் ஆனபோது இந்தக் கதவு சாத்தப்பட்டது. வாங்குபவரே சர்க்கார், முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் வாங்க மாட்டார், இன்னொருவருக்கு நெய்தால் ஆள் வந்து நிற்கும். எங்கள் தறிப்பட்டறை நண்பர் இதைக் கேட்டுவிட்டு, "முன்பணத்தைத் திருப்பித்தரும் உரிமையா? அது எங்கள் ஆட்களுக்கு இன்றைக்கும் சிரமம்தான்" என்று சொல்லி அமைதியாகிவிட்டார்.

அடிமை வியாபாரம் இல்லாமல் முதலாளித்துவம் வந்திருக்குமா?

'வந்திருக்குமா' என்ற கேள்விக்கு வரலாறு பதில் சொல்லாது. நடந்ததைச் சொல்கிறேன். 16 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை சுமார் ஒன்றேகால் கோடி ஆப்பிரிக்கர்கள் அட்லாண்டிக் கப்பல்களில் ஏற்றப்பட்டார்கள். உயிரோடு இறங்கியவர்கள் சுமார் 1.07 கோடி. அவர்களை வாங்க மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் கொடுத்த பொருள்களில் இந்தியத் துணிக்கு முக்கிய இடம் உண்டு. சோழமண்டலத்தின் நீலத்துணிக்கு 'கினி' என்ற பெயரே அந்தக் கரையால் வந்தது. அடிமைகள் விளைவித்த சர்க்கரை ஆங்கிலத் தொழிலாளியின் தேநீரில் கரைந்தது. அவர்கள் பறித்த பருத்தி இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்கு உயிர். 1860இல் பிரிட்டனுக்கு வந்த பஞ்சில் முக்கால் பங்குக்கு மேல் அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே உள்நாட்டுப் போர் மூண்டு பஞ்சு நின்றபோது திருநெல்வேலிப் பஞ்சின் விலை எகிறியது.

ஒரு கணக்கை மட்டும் சொல்லி நகர்கிறேன். 1833இல் பிரிட்டன் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டபோது 2 கோடி பவுண்டு இழப்பீடு கொடுத்தது. அடிமைகளுக்கு இல்லை, 'சொத்தை' இழந்த எஜமானர்களுக்கு. அது அன்றைய அரசின் ஆண்டுச் செலவில் ஏறத்தாழ 40 சதவீதம். அதற்காக வாங்கிய கடனின் கடைசிச் சுவடு பிரிட்டிஷ் அரசின் கணக்கிலிருந்து நீங்கியது 2015இல்.

தொழிற்சாலை ஏன் இங்கிலாந்தில் முதலில் வந்தது?

வயலிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் கூலிக்குத் தயாராக இருந்தார்கள். அதே ஆட்கள் சோற்றுக்கும் துணிக்கும் சந்தையை நம்பியிருந்ததால் வாங்குபவர்களாகவும் இருந்தார்கள். மற்ற நாடுகளோடு ஒப்பிட்டால் கூலி அதிகம், நிலக்கரி மலிவு. ஆகவே ஆளைக் குறைத்து எந்திரத்தை வைப்பது கட்டுப்படியானது. 1712இல் நியூகமன் செய்த நீராவி எந்திரம் கரியைக் கண்டபடி தின்னும். சுரங்க வாயிலிலேயே கரி கொட்டிக் கிடந்ததால்தான் அதை ஓட்ட முடிந்தது.

ஆனால் முதல் பருத்தி ஆலைகள் ஓடியது தண்ணீரில். ரிச்சர்ட் ஆர்க்ரைட் 1771இல் டெர்பிஷயரின் குரோம்ஃபோர்டில் ஆலை கட்டினார். முன்பு முடிதிருத்துபவராகவும் பொய்முடி செய்பவராகவும் இருந்தவர். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், இரவும் பகலும். மணி அடிக்கும், காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் கதவு சாத்தப்படும். அதற்குப் பிறகு வந்தவருக்கு அன்றைய கூலி போச்சு. தண்டமாக இன்னொரு நாள் கூலியும் போச்சு. சிறுவர்கள் ஏழு வயதிலிருந்தே வேலை செய்தார்கள். குடும்பங்களை இழுக்க வரிசை வீடுகளும் கட்டினார். அவை இன்றைக்கும் நிற்கின்றன.

எந்திரத்தைவிட அந்தக் கதவுதான் எனக்குப் பெரிய கண்டுபிடிப்பாகப் படுகிறது. வீட்டில் தறி வைத்திருந்தவர் திங்கட்கிழமை படுத்துக்கொண்டு வெள்ளி, சனியில் இரவு பகலாக நெய்யலாம். ஆலைக்கதவு வந்தபின் நேரம் அவருடையது இல்லை. ஜவுளி ஆலைகளில் ஒன்பது வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்று சட்டம் வந்தது 1833இல். நாடு முழுவதற்கும் நான்கே ஆய்வாளர்கள். 1851 கணக்கெடுப்பில் அந்த நாட்டின் பாதிக்கு மேற்பட்டவர்கள் நகரவாசிகள் ஆகியிருந்தார்கள்.

எந்திரங்களை உடைத்த லுடைட்டுகள் முட்டாள்கள்தானே?

அவர்கள் இங்கிலாந்தின் ஜவுளித் தொழிலாளர்கள். எந்திரம் அவர்களுக்குப் புதிதல்ல, அதை வைத்தே பிழைத்தவர்கள். கூலியைக் குறைக்கவும் தேர்ச்சியில்லாத ஆளை வைக்கவும் பயன்பட்ட எந்திரங்களைத் தேர்ந்தெடுத்து 1811இலிருந்து உடைத்தார்கள். 1812இல் எந்திரம் உடைப்பதற்கு மரண தண்டனை என்று சட்டமானது. முட்டாள்களை அடக்க யாரும் அவ்வளவு பயப்படுவதில்லை.

கம்பெனிப் பெயருக்குப் பின்னால் 'லிமிடெட்' எதற்கு?

தொழில் நொடித்தால் பங்குக்குப் போட்ட பணத்தோடு போகும். வீடு வாசலுக்கு ஆபத்தில்லை என்பதற்கு. பிரிட்டனில் 1855இல் பொதுவான சட்டமாக வந்தது. ரயில் பாதை போன்ற பெரிய வேலைகளுக்கு முகம் தெரியாத ஆயிரம் பேரிடம் பணம் திரட்ட இது வசதி.

இதே வடிவத்தைத் திருப்பிப் பிடித்தவர் வ.உ. சிதம்பரம் பிள்ளை. 1906இல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் என்ற கப்பல் கம்பெனியை, பத்து லட்சம் ரூபாய் முதலை 25 ரூபாய்ப் பங்குகள் நாற்பதாயிரமாகத் திரட்டத் திட்டமிட்டுத் தொடங்கினார். போட்டியாக இருந்த வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனி கட்டணத்தை அடிமாட்டு விலைக்குக் குறைத்தது. கம்பெனி நடத்திய அதே மனிதர் 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தையும் முன்நின்று நடத்தினார். பிறகு சிறை, அவர் உள்ளே இருந்தபோதே கம்பெனி கலைந்தது. டச்சுக் கம்பெனிக்கும் சுருக்கப் பெயர் வி.ஓ.சி.தான். ஒரு வி.ஓ.சி. பிடித்த தூத்துக்குடித் துறைமுகத்துக்கு இன்றைக்கு இன்னொரு வி.ஓ.சி.யின் பெயர். எந்தக் கதாசிரியரும் இதை எழுதத் துணிய மாட்டார்.

கூலி உழைப்பு என்றால் சுதந்திர உழைப்புதானே?

காகிதத்தில். அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் போனார்கள். மொரீஷியஸுக்கு 1834 முதல், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல். மதராசிலிருந்து போன தமிழர்கள் அதில் நிறைய. ஒப்பந்தத்தை மீறினால் வழக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகாது, ஜெயிலுக்குத்தான் போகும்.

இலங்கை மலையகத்தில் ஒப்பந்தம் இல்லை, கங்காணி இருந்தார். ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்து ஆள் கட்டிக் கூட்டிப்போவார். வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் கடன் கணக்கில் ஏறும். தோட்டம் மாற வேண்டுமென்றால் 'துண்டு' வேண்டும். இந்தக் கூட்டத்தின் கடன் இவ்வளவு, இதைக் கட்டினால் இவர்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதித் தரும் சீட்டு அது. புதுத் தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் தீரவில்லை, இடம் மாறியது அவ்வளவுதான். துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. லண்டன் ஏலத்தில் விலைபோன தேயிலை மிக நவீனமான சரக்கு. அதைப் பறித்த கை கடனில் கட்டப்பட்ட கை. இரண்டும் ஒரே அமைப்புக்குள் சண்டையில்லாமல் இருந்தன.

முதலாளித்துவத்தின் தந்தை ஆடம் ஸ்மித் என்று படித்தேன்.

அவர் 'நாடுகளின் செல்வம்' என்ற நூலை வெளியிட்டது 1776இல். அப்போது பிள்ளை வளர்ந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது. குண்டூசிப் பட்டறையில் பத்துப் பேர் வேலையைப் பிரித்துக்கொண்டு ஒரு நாளில் 48,000 ஊசி செய்ததை அவர் வியந்தார். முதலாளித்துவம் என்ற சொல் அவருடைய எழுத்தில் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியைக் கடுமையாகச் சாடினார். அவரைக் கும்பிடுகிறவர்கள் அந்தப் பக்கங்களையும் புரட்டலாம்.

இருபதாம் நூற்றாண்டில் என்ன மாறியது?

விற்பதற்கு ஆள் வேண்டும் என்பது முதலாளிகளுக்கே உறைத்தது. ஹென்றி ஃபோர்டு 1913இல் நகரும் தொடர்வரிசையை வைத்தபோது, காரின் அடிச்சட்டம் கோக்கப் பன்னிரண்டரை மணி நேரம் ஆனது ஒன்றரை மணி நேரத்துக்கு வந்தது. ஆனால் ஒரே திருகைத் திரும்பத் திரும்ப முடுக்கும் வேலையில் ஆள் நிற்கவில்லை. அந்த ஆண்டு ஆட்கள் விலகிய அளவு 370 சதவீதம், அதாவது நூறு வேலையிடத்துக்கு 370 முறை ஆள் மாறினார்கள். 1914 ஜனவரியில் நாளுக்கு ஐந்து டாலர் அறிவித்தார். கூடவே தொழிலாளி குடிக்கிறாரா, வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறாரா என்று பார்க்க ஆள் அனுப்பினார்.

1929இல் நியூயார்க்கில் பங்குகள் சரிந்தபோது அது அங்கேயே நிற்கவில்லை. 1933இல் அமெரிக்காவில் நான்கில் ஒருவருக்கு வேலையில்லை. அரிசி விலை பாதாளத்துக்குப் போனதில் பர்மிய உழவர்களால் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களிடம் வாங்கிய கடனைக் கட்ட முடியவில்லை. கீழ்ப் பர்மாவின் பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார் கையிலிருந்த நிலம் 1930இல் 6 சதவீதம். 1938இல் 25 சதவீதம். அவர்கள் வட்டியைத்தான் விரும்பினார்கள், சேற்றை விரும்பவில்லை. சந்தை நிலத்தைத் தலையில் கட்டியது. அதனால் வந்த பகை பின்னாளில் அவர்களை வெறுங்கையோடு காரைக்குடிக்குத் திருப்பி அனுப்பியது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மேற்கில் முப்பதாண்டு காலம் சம்பளமும் பாதுகாப்பும் சேர்ந்து உயர்ந்தன. 1970களில் அது தள்ளாடியது. 1979இல் பிரிட்டனில் தாட்சரும் 1981இல் அமெரிக்காவில் ரீகனும் ஆட்சிக்கு வந்தார்கள். சீனா 1978இல் கதவைத் திறந்தது, இந்தியா 1991இல். இந்தப் பகுதி உங்களுக்கே நினைவிருக்கும்.

இதையெல்லாம் எங்காவது நேரில் பார்க்க முடியுமா?

சென்னையிலிருந்து பழவேற்காட்டுக்குப் போகலாம். டச்சுக் கோட்டை மண்ணாகிவிட்டது. கல்லறைத் தோட்டம் இருக்கிறது, வாசலில் இரண்டு எலும்புக்கூடுச் சிற்பங்கள் காவல் நிற்கின்றன. இங்கிலாந்துக்குப் போகிறவர்கள் குரோம்ஃபோர்டு ஆலையைப் பார்க்கலாம். உலகப் பாரம்பரியச் சின்னம்.

ஆனால் என்னைக் கேட்டால், நாட்டிங்ஹாம்ஷயரில் லாக்ஸ்டன் என்ற கிராமத்துக்குப் போகச் சொல்வேன். எப்படியோ அங்கே மட்டும் வேலி முழுதாக நுழையவில்லை. மூன்று பெரிய திறந்த வயல்கள், துண்டுதுண்டாகப் பிரித்து உழப்படுகின்றன. நவம்பர் கடைசியில் ஊர் நடுவர்கள் வயலில் இறங்கி, யார் அடுத்தவர் துண்டிலோ பொதுப் புல்வரப்பிலோ ஏர் ஓட்டிவிட்டார் என்று பார்த்து, முளை அடித்து எல்லையைச் சரிசெய்கிறார்கள். அடுத்த வாரம் ஊர் நீதிமன்றம் கூடி அபராதம் போடுகிறது. தொகை சில பவுண்டுகள்தான்.